முன்னாள் கள்ளன் மேசையில் பழுதானால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிகள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, கதைநடத்துநர் சொல்லும் உலகில் பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் மேசை ஆட்டம்; பாத்திரம் முன்பு என்னவாக இருந்தது என்பதே அதில் பின்னணி. அதற்குப் புதிதாக வருகிறவர்கள் பின்னணிப் பட்டியலைப் புரட்டும்போது, நான் பார்த்தவரை, அதிகம் கை வைப்பது குற்றவாளியில்தான். கோயிற் பணியாளனும் படைவீரனும் பக்கத்திலேயே நிற்க, கள்ளனுக்குத்தான் கிராக்கி. கொக்குவிலில் சனிக்கிழமை பின்னேரங்களில் கூடும் எங்கள் மேசையிலும் அப்படித்தான். தெரிவு செய்வது எளிது. நாலைந்து அமர்வு கழிந்த பிறகுதான் கோளாறுகள் தலைகாட்டும். அணிக்குள் மனத்தாங்கல் வரும். அல்லது அப்படி ஒரு பின்னணி இருப்பதே மறந்துபோகும். அல்லது ஒருவர் மட்டும் விளையாட, மற்றவர்கள் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே வேர் என்பது என் கணிப்பு. விளையாடுபவர் தன் பாத்திரம் என்ன குற்றம் செய்தது என்று எழுதிவைக்கிறார்; யாருக்குச் செய்தது என்று எழுதுவதில்லை. யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு இது சொல்லித் தெரியவேண்டியதல்ல. ஒருவன் இளவயதில் கோழி பிடித்ததை அவனே மறந்தாலும் ஊர் மறக்காது. பேரனுக்குச் சம்பந்தம் பேசும்போதும் அந்தக் கோழி கூவும். பின்னணி என்பது தாளில் எழுதிய வரியல்ல, ஊரார் வாயில் இருக்கிற கதை.

கீழே உள்ளவற்றை வரிசையாகப் படிக்கத் தேவையில்லை. உங்கள் மேசையில் தெரிகிற அறிகுறிக்கு நேரே போகலாம். முதலாவதை மட்டும் எல்லோரும் ஒருதடவை பார்த்துவிடுவது நல்லது.

அறிகுறி: இருவருடைய தாள்களில் ஒரே பின்னணி இரு விதமாக இருக்கிறது

இது பழுதல்ல, பதிப்பு வேறுபாடு. ஐந்தாம் பதிப்பின் 2014 விதிநூலில் குற்றவாளிக்கு டிசெப்ஷன் (ஏமாற்றுதல்), ஸ்டெல்த் (ஒளிந்து நகர்தல்) ஆகிய இரு திறன்களில் தேர்ச்சி கிடைக்கும். பூட்டுத் திறக்கும் கருவிகளிலும் ஏதாவதொரு சூதாட்டப் பொருளிலும் தேர்ச்சி உண்டு. கையிருப்பு ஓர் அலவாங்கு, தலைமூடியுள்ள இருண்ட நிற உடுப்பு, 15 பொற்காசு. 2024 திருத்தத்தில் டிசெப்ஷன் போய் ஸ்லைட் ஒஃப் ஹான்ட் (கைவேகம்) வந்தது. சூதாட்டப் பொருள் நீங்கியது. அலேர்ட் (விழிப்பு) என்ற சிறப்புத் தகுதி சேர்ந்தது. டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு), கொன்ஸ்டிடியூஷன் (உடல்வலு), இன்டெலிஜென்ஸ் (அறிவு) ஆகிய மூன்றுக்குள் புள்ளிகளை ஏற்றிக்கொள்ளலாம். கையிருப்பில் இரண்டு குத்துவாளும் அலவாங்கும் கருவிகளும் 16 பொற்காசும் உண்டு. அவை வேண்டாம் என்றால் மொத்தமாக 50 பொற்காசு.

எண்களை விடப் பெரிய மாற்றம் ஒன்று இருக்கிறது. 2014இல் இருந்த 'குற்றவுலகத் தொடர்பாளர்' என்ற சிறப்பம்சம் 2024இல் இல்லை. பின்னணியோடு வந்த குணம், இலட்சியம், பிணைப்பு, குறை என்ற அட்டவணைகளும் எடுக்கப்பட்டுவிட்டன. புதிய விதியில் விளையாடுகிறவருக்குத் தன் கள்ளன் ஏன் வெறும் எண்களாக நிற்கிறான் என்று தோன்றினால், காரணம் இதுதான்.

நீக்கும் வழி: எந்தப் பதிப்பு என்று மேசையில் ஒரு முடிவு எடுங்கள். என்னைக் கேட்டால் எண்களுக்கு 2024, தொடர்பாளருக்கும் பிணைப்புக்கும் 2014. விதிநூல் வாங்கும் விலையில் இல்லாதவர்கள் 2025இல் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் வெளியான எஸ்.ஆர்.டி. 5.2 என்ற அடிப்படை விதி ஆவணத்தை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதில் இருக்கும் நான்கு பின்னணிகளில் குற்றவாளியும் ஒன்று. தேவையான பக்கங்களை மட்டும் திருநெல்வேலியில் ஒரு போட்டோப்பிரதிக் கடையில் அச்சிட்டு மேசை நடுவில் வைத்தால், விதி பற்றிய வாக்குவாதம் பாதியாகக் குறையும்.

அறிகுறி: ஒரே தேர்ச்சி இருமுறை விழுகிறது

வகுப்பு என்பது பாத்திரம் இப்போது செய்யும் தொழில்; ரோக் என்றால் பதுங்கி வேலை பார்க்கும் கில்லாடி. 2014 விதியில் ரோக் வகுப்பு பூட்டுக் கருவித் தேர்ச்சியைத் தானாகவே தருகிறது. குற்றவாளிப் பின்னணியும் அதையே தருகிறது. ஒன்று வீண் என்று விட்டுவிடாதீர்கள். இரு இடங்களில் இருந்து ஒரே தேர்ச்சி வந்தால், அதே இனத்தில் வேறொன்றை எடுக்கலாம் என்று விதி சொல்கிறது. கருவிக்குப் பதில் கருவி, திறனுக்குப் பதில் திறன். போலி ஆவணக் கருவிகளோ மாறுவேடப் பெட்டியோ எடுத்தால் பழைய தொழிலுக்கும் பொருந்தும்.

அறிகுறி: குற்றவாளி என்றாலே ரோக்

மூன்று பேர் குற்றவாளி எடுத்தால் மூன்று பேரும் ரோக், மூவருக்கும் கறுப்புத் தலைமூடி, மூவரும் சுவரோரம் நின்று குத்துவாளைச் சுழற்றுகிறார்கள். பார்க்கச் சலிக்கும்.

காரணம் எளிது. குற்றம் என்றால் பூட்டுடைப்பு மட்டும் என்று எண்ணுகிறோம். 2014 நூலே எட்டு வகை தருகிறது: மிரட்டிப் பணம் பறிப்பவர், வீடு உடைப்பவர், அடியாள், திருட்டுப் பொருள் விற்பவர், வழிப்பறிக்காரர், கூலிக் கொலையாளி, முடிச்சுமாறி, கடத்தல்காரர். இவர்களில் பாதிப்பேருக்கு இருட்டே தேவையில்லை. திருட்டு நகையை உருக்கி விற்பவர் பகலில் கடை திறந்து வைத்து, வருகிறவர்களுக்கு மோர் கொடுத்து உபசரிக்கிற மனிதராகக்கூட இருக்கலாம்.

நம்மிடம் இதைவிடச் செழிப்பான இன்னோர் எட்டு இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில், கோவலனைக் கள்வன் என்று காவலர்களிடம் காட்டும் பொற்கொல்லன், கள்வர் துணையாகக் கொள்பவை எவை என்று அடுக்குகிறான்: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி. எட்டு முகப் பகடையை உருட்டி இதில் ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். வகுப்பும் கதையும் தாமாகவே விரியும்.

மந்திரம் விழுந்தால் அவன் விசர்ட், அதாவது மந்திரவாதி ஆகலாம். 2024 விதியில் இன்டெலிஜென்ஸ் ஏற்றமும் அதற்கு ஒத்துவரும். தெய்வம் விழுந்தவன் ஒரு கிளெரிக், அதாவது பூசகன். பிடிபட்ட இரவில் ஏதோ ஒரு தெய்வம் தப்ப வைத்தது, அந்த நேர்த்தி இன்னும் தீர்க்கப்படவில்லை. மருந்து விழுந்தவள் மயக்க மருந்து கலந்து கொடுத்தவள், இன்று அதே மூலிகைகளால் வைத்தியம் பார்க்கிறாள். காலம் விழுந்தவனுக்குக் காவலர் முறை மாறும் நேரமெல்லாம் மனப்பாடம்.

எனக்கு மிகவும் பிடித்தது நிமித்தம். அரும்பொருள் கைக்குள்ளேயே வந்து விழுந்தாலும் நல்ல நிமித்தம் வாய்க்காமல் கள்வர் தொழிலில் இறங்கமாட்டார்கள் என்கிறான் பொற்கொல்லன். ஒரு பாத்திரத்துக்கு இதைவிட நல்ல குறை வேண்டுமா? புதையல் அறையின் கதவு திறந்து கிடக்கிறது, அணி முழுவதும் அவசரப்படுத்துகிறது, இவன் மட்டும் பல்லி சொல்லிவிட்டது என்று வாசலில் நிற்கிறான். எங்கள் மேசையில் எல்லோருக்கும் அப்படி ஓர் உறவினர் இருப்பதால் நடிக்கவும் சிரமமில்லை.

கவசம் அணியும் வகுப்புகளுக்கு ஒரு எச்சரிக்கை. ஃபைட்டர் (போர்வீரர்) ஒருவர் குற்றவாளிப் பின்னணி எடுத்து ஸ்டெல்த் தேர்ச்சியோடு செயின் மெயில் என்ற கனத்த சங்கிலிக் கவசத்தையும் மாட்டினால், ஒளியும்போது இருபது முகப் பகடையை இரண்டு தடவை உருட்டிக் குறைந்ததைத்தான் எடுக்கவேண்டும். அதைவிட இலகுவான செயின் ஷர்ட்டுக்கு அந்தத் தண்டனை இல்லை. அல்லது அவர் ஒளிபவரே அல்ல, அடியாள் என்று வைத்துவிடுங்கள். அடியாள் வருவது எல்லோருக்கும் தெரியவேண்டும், தெரிந்தால்தான் பயம்.

அறிகுறி: சொந்த அணியின் பணப்பையையே திருடுகிறான்

அதிகம் முறைப்பாடு வருகிற பழுது இது. கேட்டால் ஒரே பதில்: "என் பாத்திரம் அப்படித்தான் செய்யும் அண்ணை."

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்கவேண்டும். திருடுபவர் பாத்திரமா, விளையாடுகிறவரா? மற்றவர்கள் சிரித்தபடி தங்கள் பாத்திரங்களைக் கோபப்பட வைக்கிறார்கள் என்றால் அது நாடகம், தொடரட்டும். பக்கத்தில் இருக்கும் தங்கச்சி மௌனமாகத் தாளில் இருந்து பொற்காசை அழிக்கிறாள் என்றால் அது நாடகமல்ல. அவள் அடுத்த சனிக்கிழமை வரமாட்டாள்.

இரண்டாவது நிலைக்கு ஆட்டத்துக்குள் மருந்து கிடையாது. கதைநடத்துநர் பழிவாங்குவதற்காகக் காவலரை அனுப்புவது, சாபம் கொடுப்பது எல்லாம் தீயில் நெய். விளையாட்டை நிறுத்திவிட்டு நேராகப் பேசவேண்டும். பேசிய பிறகு ஒரே ஒரு விதியைச் சேருங்கள்: அணியில் ஒருவர் மற்றவருக்கு எதிராக எதைச் செய்தாலும், அது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லாது, பாதிக்கப்படுகிறவர் சொல்வார். விதியைச் சொன்ன நாளோடு பெரும்பாலும் திருட்டு நின்றுவிடும். நிற்காவிட்டாலும், "எடுத்தாய், ஆனால் பையில் இருந்தது என் அம்மாவின் கடிதம்" என்று பாதிக்கப்பட்டவரே கதையைத் திருப்ப வழி கிடைக்கும்.

விதிநூலின் அட்டவணையும் இதற்கு ஓரளவு உடந்தை. 2014 குறைகளில் ஒன்று, பணமா நண்பர்களா என்று வந்தால் பணத்தைத் தெரிவு செய்வது. இன்னொன்று, பெறுமதியான பொருளைக் கண்டால் அதைத் திருடும் நினைப்பைத் தவிர வேறு நினைப்பில்லாமற் போவது. பகடையில் இவை விழுந்ததென்றால் புதியவர் அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்கிறார். முதல் அமர்விலேயே இவற்றை மாற்றிவிடுவேன். 'பெறுமதியான பொருளைக் கண்டால் அதை எப்படித் திருடலாம் என்று வாய்விட்டுத் திட்டம் போடுவான்' என்று எழுதினால் போதும். விருந்துக்கு அழைத்த பிரபுவின் முன்னிலையில் அவரது வெள்ளிச் செம்பைத் தூக்கலாமா என்று அவன் விளக்கத் தொடங்கும்போது, அணி முழுவதும் அவன் வாயைப் பொத்த ஓடும். அணிக்குள் விரோதம் இல்லை, ஆனால் கள்ளன் கள்ளனாகவே இருக்கிறான்.

அறிகுறி: தொடர்பாளர் ஒருதடவை வந்து காணாமற் போனார், அல்லது எல்லாக் கேள்விக்கும் அவரே விடை

2014 விதி சொல்வது இது: உங்களுக்கு நம்பகமான ஒரு தொடர்பாளர் இருக்கிறார். அவர் வழியாகக் குற்றவுலகத்தின் மற்றவர்களை எட்டலாம். தூர இடமானாலும் செய்தி அனுப்பவும் பெறவும் வழி தெரியும். உள்ளூர்த் தூதர்கள், கைக்கூலி வாங்கும் வணிகக்கூட்டத் தலைவர்கள், சந்தேகமான மாலுமிகள் என்று நூல் ஆட்களையும் காட்டுகிறது. ஆனால் அந்தத் தொடர்பாளருக்குப் பெயர் இல்லை. பெயரில்லாத மனிதர் மேசையில் நிலைக்கமாட்டார்.

பெயரோடு அவருக்கு ஒரு தொழிலும் வேண்டும், ஊர் முழுக்க அலைகிற அல்லது ஊர் முழுக்க வந்துபோகிற தொழில். வணிகக்கூட்டத் தலைவர் என்று படித்ததும் எனக்குத் தோன்றியது தட்டிவான் சாரதி. சந்தைக்குப் போகும் வெங்காயச் சாக்கும், வாழைக்குலையும், மூன்று ஊர்ப் புதினமும் ஒன்றாக ஏறுகிற வண்டி அது. கற்பனை உலகத்தில் அதற்கு இரண்டு கோவேறு கழுதையைப் பூட்டிவிட்டால் வேலை முடிந்தது. சந்திச் சலூன்காரர், கோயில் வாசலில் கற்பூரம் விற்கும் ஆச்சி, துறைமுகத்தில் வள்ளத்துக்குக் கலப்பத்து வேலை பார்ப்பவர், எல்லோரும் தகுதியானவர்கள்.

அடுத்து, அவருக்கு எது தெரியாது என்று வரம்பு கட்டுங்கள். தொடர்பாளருக்கு ஆட்களைத் தெரியும், இரகசியங்களைத் தெரியாது என்பது என் மேசை வழக்கம். திருட்டுப்போன சிலை எங்கே என்று அவரிடம் கேட்டால் விடை வராது. அப்படிப்பட்ட சிலையை வாங்கக்கூடியவர் யார் என்று கேட்டால் ஒரு பெயர் வரும். விடை அந்த இடத்திலேயே வராது, ஒரு நாளாவது எடுக்கும். மூன்றாவது உதவிக்கு முன் அவர் பதிலுக்கு ஒன்று கேட்பார். பணம் கேட்கவேண்டாம், பணம் சுவையற்றது. தன் மகனை ஒரு கும்பலில் இருந்து வெளியே எடுத்துத் தரச் சொல்லட்டும். தன் வண்டியில் ஒரு பெட்டியை ஏற்றிச் செல்லச் சொல்லட்டும், திறந்து பார்க்காமல்.

சூதாட்டத் தேர்ச்சியும் இங்கேதான் பிரயோசனப்படும். பலருடைய தாளில் அது தூசி பிடித்துக் கிடக்கிறது. எங்கள் மேசையில் அதை 304 சீட்டாட்டமாக மாற்றிக்கொண்டோம். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2 என்று நான்கு நிறத்திலும் கூட்டினால் 304 வருகிற ஆட்டம். விளக்கம் சொல்ல வேண்டிய ஆள் இங்கே குறைவு. கூட்டாளிக்குக் கள்ளச் சாடை காட்டுவது அந்த ஆட்டத்தின் பழைய வியாதி. தொடர்பாளரோடு பேசவேண்டியதை எதிரியின் மேசையிலேயே, சீட்டுப் பிடிக்கும் விதத்தில் பேசலாம். இருவருக்கும் தேர்ச்சி இருந்தால் பகடை உருட்டவே விடமாட்டேன். செய்தி போய்ச் சேர்ந்தது.

அறிகுறி: பழைய வாழ்க்கை கதைக்குள் வரவே இல்லை

விளையாடுகிறவர் இரண்டு பக்கம் எழுதிக் கொண்டுவந்திருப்பார். அநாதை, தெரு, திருட்டு, கும்பல் தலைவனின் துரோகம், எல்லோரும் செத்துவிட்டார்கள், இவன் மட்டும் தப்பினான். கதைநடத்துநர் படித்துவிட்டு மடித்து வைப்பார். வைக்காமல் என்ன செய்வது? எல்லோரையும் கொன்று விட்டால் கதவைத் தட்ட ஆள் ஏது?

இரண்டு பக்கத்தையும் ஒதுக்கிவிட்டு மூன்று பெயர் கேளுங்கள். அந்தக் குற்றத்தால் இழந்தவர் ஒருவர். அதனால் வாழ்ந்தவர் ஒருவர். பார்த்துவிட்டு வாய் திறக்காதவர் ஒருவர். மூவரும் உயிரோடு இருக்கவேண்டும். இயன்றால் மூவரும் ஒரே ஒழுங்கையில் குடியிருக்கட்டும்.

நம் ஊர் அமைப்பு இதற்கு அளவெடுத்துத் தைத்ததுபோல இருக்கிறது. வேலிக்கு வேலி ஒட்டிய வளவுகள், ஆளாளுக்குப் போய்வர வேலியில் ஒரு பொட்டு, பொதுக் கிணறு, இரவில் ஒரு நாய் குரைத்தால் சந்திவரை தொடர்ந்து குரைக்கும் நாய்கள். அந்தப் பொட்டு வழியாகத்தான் கள்ளன் அன்று புகுந்தான். மறுநாள் வீட்டுக்காரர் பொட்டை அடைத்துவிட்டார். அன்றிலிருந்து இரு குடும்பத்துக்கும் பேச்சு இல்லை, ஏனென்றால் பக்கத்து வீட்டுப் பொடியன்தான் எடுத்தான் என்று அவர் நம்புகிறார். இப்போது திருந்திய கள்ளன் ஊருக்குத் திரும்புகிறான். எடுத்தது ஒரு சங்கிலி. முறிந்தது ஓர் அயல். சங்கிலியைத் திருப்பிக் கொடுத்தால் அயல் ஒட்டுமா? இந்த ஒரு கேள்வியில் மூன்று அமர்வு ஓட்டலாம், ஒரு அரக்கனும் தேவையில்லை.

2014 அட்டவணையில் என் பார்வையில் மிகக் கொடூரமான குறை, தான் செய்த குற்றத்துக்கு நிரபராதி ஒருவர் சிறையில் இருக்க அதைப்பற்றிக் கவலைப்படாமல் இருப்பது. மேலே சொன்ன பொற்கொல்லன் அதற்கு முழு உருவம். அரசியின் சிலம்பைத் திருடியவன் அவன். எட்டு வகையையும் அடுக்கிக் காவலரை நம்பவைத்தவனும் அவனே. இவன் கொலைக்குரியவனாகத் தெரியவில்லையே என்று காவலர்கள் தயங்கியபோதும் அவன் விடவில்லை. இந்தக் குறையை எடுத்தவரிடம் அந்த நிரபராதியின் பெயரையும் அவருக்காகக் காத்திருப்பவரின் பெயரையும் வாங்கிவிடுங்கள். சிறைக்கு இடம் தேடினால், ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே கடலுக்குள் நிற்கும் கடற்கோட்டையைப் பாருங்கள். ஒரு காலத்தில் அது சிறையாகவும் இருந்தது. நாலு புறமும் தண்ணீர், ஒரே வாசல். வரைபடம் வரையும் வேலை மிச்சம்.

அறிகுறி: குற்றவாளி என்கிறோம், ஆனால் ஊரில் யாரும் அப்படி நினைப்பதாகத் தெரியவில்லை

இது பெரும்பாலும் கடத்தல்காரர் எடுத்தவர்களுக்கு வரும். பழுது என்று எண்ணி அவசரப்பட்டுத் திருத்தாதீர்கள், பொன் கிடைத்திருக்கிறது. வடமராட்சிக் கரையில் இருந்து கோடியக்கரைப் பக்கம் தோணி ஓடிய கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தெரியும். இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த 1970களில் அக்கரைச் சேலையைக் கொண்டுவந்தவர் சுங்கத்துக்குக் கள்ளன், கலியாண வீட்டுக்கு வேண்டப்பட்டவர். யாருடைய சட்டம், யாருடைய குற்றம் என்பதை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். தலைநகரில் அவன் தலைக்கு விலை. துறைமுகக் கிராமத்தில் அவனுக்குத் தேர்த்திருவிழாவில் முதல் மரியாதை. அணி இரண்டு இடத்துக்கும் போகும்படி பார்த்துக்கொண்டால் போதும்.

அறிகுறி: எல்லாக் கள்ளரும் ஒரே இனம்

கொப்ளின் (குட்டிப் பூதம்) என்றால் திருடன், டீஃப்ளிங் (கொம்புள்ள அரக்க வம்சத்தவர்) என்றால் ஏமாற்றுக்காரன் என்று மேசை தானாகவே முடிவெடுத்துவிடுகிறது. உடனே நிறுத்துங்கள். பிறப்பாலேயே குற்றவாளி என்று மனிதர்களை எழுதிவைத்த சட்டம் நமக்குப் பக்கத்திலேயே இருந்தது: பிரித்தானிய இந்தியாவின் 1871ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டம். அதன் வடு இன்னும் ஆறவில்லை. விளையாட்டு விதியிலேயே இனம் வேறு, பின்னணி வேறு. ஒருவர் செய்தது பின்னணியில் வரும், பிறந்தது அங்கே வராது.

அறிகுறி: திருந்திவிட்டேன் என்று எதையும் செய்ய மறுக்கிறான்

பூட்டைத் திற என்றால் "அந்த வாழ்க்கையை விட்டுவிட்டேன்" என்கிறான். காவலரிடம் பொய் சொல் என்றால் அதற்கும் அதே பதில். களவும் கற்று மற என்பது சரி. முழுவதும் மறந்துவிட்டால் அணிக்கு இவனால் என்ன பயன்?

திருந்துதல் எதில் என்று ஒரே ஒரு வரம்பு எழுதச் சொல்லுங்கள். 'இல்லாதவர் வீட்டில் எடுக்கமாட்டேன்', 'தூங்குகிறவர் இருக்கும் அறைக்குள் போகமாட்டேன்', 'குழந்தையைத் தூதாக அனுப்பமாட்டேன்'. வரம்பு குறுகலாக இருக்கட்டும். அதற்கு ஒரு காரணமும் இருக்கட்டும். பிறகு கதைநடத்துநர் அந்த வரம்பின் விளிம்பில் அவனை நிறுத்தலாம்.

அறிகுறி: கள்ளன் தனியே உளவு பார்க்கப் போகிறான், மற்றவர்கள் தேநீர் குடிக்கிறார்கள்

இரண்டு வழி. முதலாவது, எல்லோரையும் கூட்டிப்போவது. அணியில் ஒருவர் இரும்புச் சட்டை போட்டவர் என்பதால் பயப்படுகிறார்கள். ஆனால் குழுச் சோதனை என்று ஒரு விதி இருக்கிறது. எல்லோரும் உருட்டுவார்கள், பாதிப்பேராவது வென்றால் குழு முழுவதும் வென்றதாகக் கணக்கு. ஐவர் போனால் மூவர் தேறினாலே போதும். ஒவ்வொருவரையும் தனித்தனியாகத் தோற்கடிப்பதால்தான் கள்ளன் தனியே போகப் பழகுகிறான்.

இரண்டாவது, தனியே போனாலும் கடிகாரத்தைப் பார்ப்பது. உள்ளே மூன்று உருட்டலுக்கு மேல் நான் கொடுப்பதில்லை. ஒவ்வொரு உருட்டலுக்கும் இடையில் காட்சியை வெளியே திருப்புகிறேன்: வாசலில் காவலர் உங்களை நோக்கி வருகிறார், என்ன சொல்வீர்கள்? அவர்கள் சொல்கிற பொய்தான் உள்ளே இருப்பவனுக்கு நேரம் வாங்கிக் கொடுக்கிறது.

அறிகுறி: பிடிபட்டால் ஆட்டம் முடிந்தது

ஸ்டெல்த் தவறியதும் இருபது காவலர், சங்கு, அம்பு மழை. இப்படி ஒருதடவை நடந்தால் அதன் பிறகு ஒருவரும் களவுக்குப் போகமாட்டார்கள். காவலர் எல்லோரும் முட்டாள்கள் என்றாலும் அதே சலிப்பு. நடுவே நிறையப் படிகள் உண்டு: நாய் குரைக்கிறது, விளக்கு எரிகிறது, கிழவர் ஒருவர் "ஆர் அது?" என்று கேட்கிறார், விதானையார் காலையில் விசாரணைக்கு அழைக்கிறார். விதானையார் அழைத்தால் அது தண்டனைக்கல்ல, சமரசத்துக்கு. களவு கொடுத்தவரும் எடுத்தவரும் ஒரே விறாந்தையில் இருந்து தேநீர் குடிக்கவேண்டிய கட்டாயம் எந்தச் சண்டையை விடவும் இறுக்கமாக இருக்கும்.

அறிகுறி: மேசை திடீரென்று அமைதியாகிவிட்டது

இதை மற்றவற்றைப்போல் எடுக்கவேண்டாம்.

குற்றவாளிக் கதையில் காட்டிக்கொடுப்பவன் என்ற பாத்திரம் தானாகவே வந்துசேரும். வேறு ஊர்களில் அது ஒரு திருப்பம், அவ்வளவுதான். இங்கே போர்க்காலச் சுற்றிவளைப்புகளில் முகம் மூடியபடி தலையசைத்து ஆளைக் காட்டிக்கொடுத்த தலையாட்டியின் முன் வரிசையில் நடந்தவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். தலைமூடி போட்ட ஒருவன் கூட்டத்துக்குள் ஒருவரைச் சுட்டிக்காட்டுகிறான் என்று கதைநடத்துநர் வெறும் விறுவிறுப்புக்காகச் சொல்லும்போது, எதிரே இருப்பவருக்கு வேறொரு நாள் நினைவுக்கு வரலாம். சோதனைச்சாவடி, இரவில் வந்து அழைத்துச் செல்லுதல், திரும்பி வராதவர் ஆகியவையும் அப்படியே. இளையவர்களுக்கு வாள்வெட்டுக் கும்பல் செய்திகள். கும்பலில் இருந்து விலகியவன் என்ற பின்னணி அவர்களுடைய வகுப்புத் தோழன் ஒருவனின் கதையாகவும் இருக்கக்கூடும்.

ஆட்டம் தொடங்குமுன் ஒரு தாளை வைத்து, எது வரவே கூடாது, எது வந்தாலும் விவரிக்காமல் கடக்கவேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள். பெயர் போடத் தேவையில்லை. மேசை நடுவில் ஓர் அட்டையை வையுங்கள்; யார் தொட்டாலும் அந்தக் காட்சி அங்கேயே வெட்டப்படும், காரணம் கேட்கக் கூடாது. கேட்டுவிட்டால் அட்டை செத்தது. அட்டை தொடப்பட்ட அமர்வில் காட்டிக்கொடுப்பவனை எடுத்துவிட்டு, களவாடிய பொருளை இரண்டு பேருக்கு விற்ற பேராசைக்காரனை வையுங்கள். கதைக்குத் தேவையான துரோகம் அதிலும் கிடைக்கும்.

அறிகுறி: பின்னணி தீர்ந்துவிட்டது

பாத்திரம் பத்தாம் நிலையை எட்டுமுன்னரே கடன் அடைக்கப்பட்டது, பழைய கும்பல் தலைவன் வீழ்ந்தான், நிரபராதி வெளியே வந்தார். இனி அந்த வரி தாளில் சும்மா கிடக்கிறது.

இப்போது பக்கத்தை மாற்றுங்கள். இதுவரை அவனுக்கு ஒரு தொடர்பாளர் இருந்தார்; இனி அவன் யாருக்கோ தொடர்பாளர். பதினாறு வயதுப் பிள்ளை ஒன்று பூட்டுக் கருவிப் பையோடு அவனைத் தேடி வரட்டும். அந்தக் கருவிகளின் விலை விதிநூலில் 25 பொற்காசு. அவளிடம் அவ்வளவு பணம் இருந்திருக்க வழியில்லை என்பது பார்த்ததுமே தெரியும். பெயரை விளையாடுகிறவர் வைக்கட்டும். அவளுக்கு எது தெரியாது என்பதைக் கதைநடத்துநர் எழுதட்டும். முதல் உதவிக்கு அவன் என்ன கேட்பான் என்பதை மட்டும் அணியின் மற்றவர்கள் முடிவு செய்யட்டும். இத்தனை அமர்வாக அவனுக்குக் கடன் கொடுத்தவர்கள் அவர்கள்தானே.